பேரைக் கீழே வைத்துவிட்டு ஏறுகிறவர்கள்

1

எனக்கு இடது காது கேட்காது என்று என் முதலாளிக்கு எழுதிக் கொடுத்தேன். பச்சைப் பொய். நாற்பத்து நான்கு வயதாகி, ஒரு பெண் குழந்தைக்கு அப்பனாகி, இங்கிலாந்தில் ஒழுங்காக வரி கட்டிக்கொண்டிருக்கும் மனிதன் செய்கிற காரியமா அது? அதோடு போயிருந்தாலும் பரவாயில்லை. அவர் அதை நம்பி என்னை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்.

அங்கே ஒரு சின்ன அறைக்குள் உட்காரவைத்து, தலையில் ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும். நான் செய்ய வேண்டியதெல்லாம் ஒன்றுதான்: இடது பக்கம் சத்தம் வரும்போது சும்மா இருப்பது. என்னால் முடியவில்லை. பிறந்ததிலிருந்தே எனக்குச் சும்மா இருக்க வராது. பக்கத்துத் தெருவில் கொசு முனகுவது போல ஒரு சத்தம் வந்தாலும் கட்டைவிரல் தானாகப் போய் அழுத்தியது. போதாக்குறைக்கு, படிவத்தில் இடது என்று எழுதியதை மறந்துவிட்டு, சோதனை செய்த அம்மா பேசும்போதெல்லாம் இடது காதையே அவர் பக்கம் நீட்டி "என்ன, என்ன?" என்று கேட்டேன்.

கடைசியில் அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "உங்கள் வயதில் இவ்வளவு நல்ல காதை நான் பார்த்ததே இல்லை. இரண்டுமே." அதைக் கடிதமாகவும் அடித்துக் கொடுத்தார். அந்தக் கடிதத்தை முதலாளியிடம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியவனும் நான்தான்.

2

என் வேலை மரம் ஏறுவது. ஊரில் இப்படிச் சொன்னால் தேங்காய் பறிக்கிறவன் என்று நினைப்பார்கள். இது வேறு. வீடுகளுக்கும் கரண்ட் கம்பிகளுக்கும் நடுவில் நிற்கிற பெரிய மரங்களை அடியோடு சாய்க்க முடியாது. ஒருவன் உச்சிக்கு ஏறி, மேலிருந்து துண்டு துண்டாக அறுத்து, ஒவ்வொரு கிளையையும் கயிற்றில் கட்டி இறக்க வேண்டும். திருப்பூரில் நான் இதைத்தான் செய்தேன். அங்கே வெறுங்கால், ஒரு கயிறு, ஒரு கைவாள், ஒரு கோடாலி. இங்கே ஹெல்மெட், இடுப்புக்கும் தொடைக்கும் வார்கள், கொக்கிகள், போதாததற்குப் பதிமூன்று பக்கப் படிவம். அங்கே மரத்தை எடுக்க லைன்மேனிடம் சொல்லிக் கரண்டை நிறுத்தினால் போதும். இங்கே முனிசிபாலிட்டிக்கு மனுப் போட்டு, பக்கத்து வீட்டுக்காரருக்கு ஆட்சேபம் இல்லையென்று எழுதி வாங்கி, பொந்தில் வௌவால் குடியிருக்கிறதா என்று பார்க்க ஒருவர் வந்து போய், எட்டு வாரம் காத்திருக்க வேண்டும்.

நான் வந்ததே என் மனைவி ஸ்டெல்லாவின் தயவில். அவள் நர்ஸ். இரண்டாயிரத்து இரண்டில் அவளுக்கு இங்கே வேலை கிடைத்தபோது, அவளுடைய சாமான்களில் ஒன்றாக நானும் வந்து இறங்கினேன். பாஸ்போர்ட்டில் என் பேருக்குப் பின்னால் அப்பா பேர் இருப்பதால் ஆபீஸ் கடிதங்கள் எல்லாம் அப்பா பேருக்கே வருகின்றன. தூத்துக்குடிப் பக்கம் ஒரு கிராமத்தைத் தாண்டாமல் செத்துப்போன மனிதருக்கு இங்கிலாந்தில் லைப்ரரி கார்டு இருக்கிறது. சவரிமுத்து என்ற என் பேரில் கடைசித் துண்டுதான் இவர்கள் வாயில் நுழைந்தது. அதுவும் "முட்டு" என்று.

முதலாளி பேர் கீத். கோபம் வந்தால் முகம் சிவக்கும் முன்பே காது சிவந்துவிடும். இங்கே மரத்தடியில் ஒரு சட்டம் உண்டு. கீழே நிற்பவர் மேலே இருப்பவனைப் பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும். அவன் பதில் சொல்ல வேண்டும். பதில் வந்த பிறகுதான் அடியில் ஆள் நடக்கலாம். நாள் முழுக்க "முட்டு! முட்டு!" என்று சத்தம்தான்.

மூன்று வருடமாக நான் மேலிருந்து ஒரு முறைகூடப் பதில் சொன்னதில்லை. பேர் காதில் விழும். விழுந்ததும் கழுத்து இறுகிப்போகும். இரண்டு கையும் மரத்தைக் கட்டிக்கொள்ளும். கொஞ்சம் கழித்துக் கயிற்றை ஒரு இழுப்பு இழுப்பேன். அதுதான் என் பதில். கீத்தும் பழகிப்போய் விட்டுவிட்டார்.

இந்த மார்ச்சில் ஒரு ஓக் மரம். மிஷின் வாள் வேண்டாத சின்னக் கிளை, என் கை தடிமன்தான் இருக்கும். கைவாளால் அறுத்து முடித்து, ஒரு கையில் பிடித்திருந்தேன். கீழே போஸ்ட்மேன் ஒருவர் எச்சரிக்கைப் பலகையைக் கவனிக்காமல் கடித வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். கீத் கத்தினார்: "முட்டு, பிடி! பிடி!"

பேர் முதலில் வந்ததா, என் இரண்டு கையும் மரத்துக்குப் போய்விட்டன. கிளை கீழே போனது. வண்டிமேல் விழுந்து, ஒரு தெருவின் கடிதங்கள் அத்தனையும் புல்லில் பரந்தன. போஸ்ட்மேன் ஒரு அடி பின்னால் நின்றிருந்ததால் நான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இறங்கி வந்ததும் கீத் கேட்டார்: "நான் கூப்பிட்டது கேட்கவில்லையா?"

கேட்டது என்று சொன்னால் ஏன் பிடிக்கவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். அதைச் சொல்ல என் இங்கிலீஷ் போதாது. தமிழிலேகூட அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. "இடது காது," என்றேன்.

3

இருபது வயதில் பனியன் கம்பெனி வேலைக்காகத் திருப்பூர் வந்தவன் நான். உட்கார்ந்து தைக்கிற இடத்தில் உட்கார முடியாமலும், நின்று மடிக்கிற இடத்தில் நிற்க முடியாமலும் ஏழெட்டுக் கம்பெனி மாறினேன். அப்போது கிடைத்தவர்தான் பழனிச்சாமி. அவிநாசிப் பக்கத்துக்காரர், என் வயது. தோட்டங்கள் எல்லாம் கம்பெனி ஷெட்டுகளாக மாறிக்கொண்டிருந்த காலம். ஷெட்டுக்கு இடைஞ்சலான மரங்களை இறக்கும் வேலை ஓயாமல் இருந்தது. அவர் ஏறுவார், நான் கீழே கயிறு பிடிப்பேன். சில மரங்களில் நான் ஏறுவேன், அவர் பிடிப்பார்.

எங்களிடமும் ஒரு சட்டம் இருந்தது, இங்கே இருப்பதற்கு நேர் எதிராக. ஆள் கிளை பிரிகிற முதல் கவையைத் தாண்டிவிட்டால் கீழே யாரும் அவன் பேரைச் சொல்லக் கூடாது. பேர் கேட்டால் மனுஷன் திரும்பாமல் இருக்க மாட்டான். தலை திரும்பும், உடம்பும் திரும்பும், கால் மட்டும் நின்ற இடத்திலேயே இருக்கும். அதனால் எல்லாம் கயிற்றில்தான். ஒரு இழுப்பு என்றால் நிறுத்து. இரண்டு என்றால் இறக்கு. பழனிச்சாமி ஏறுமுன் செருப்பைக் கழற்றி மரத்தடியில் ஜோடியாக வைத்துவிட்டுச் சொல்வார்:

"செருப்பு கீழ, பேரும் கீழ. நா மட்டுந்தான் மேல. பத்தரமாப் பாத்துக்கப்பா, சவரி."

"செருப்ப வேணா பாத்துக்கிடுதேன்," என்பேன் நான்.

இரண்டாயிரமாம் வருடம். பெருமாநல்லூர் ரோட்டில் ஒரு கம்பெனி காம்பவுண்டுக்குள் பெரிய புளியமரம். ஒரு பக்கம் ஆஸ்பெஸ்டாஸ் கூரை, மறுபக்கம் கம்பி. பழனிச்சாமி மேலே இருந்தார். ஸ்டெல்லாவை அன்று காலையில்தான் பிரசவத்துக்குச் சேர்த்திருந்தோம். லீவு போட்டால் வராந்தாவில் நின்று எல்லோர் உயிரையும் வாங்குவேன் என்று மாமியார் என்னை வேலைக்குத் துரத்தியிருந்தார்.

மத்தியானம் ஆபீஸிலிருந்து ஒரு அம்மா ஓடி வந்தார். "இங்க சவரிமுத்துங்கறது யாருங்க? போன் வந்துதுங்க. பொண்ணு பொறந்திருக்குதாமா! ரெண்டு பேரும் நல்லா இருக்கறாங்களாமா!"

என் கையில் கயிறு இருந்தது. ஒரு இழுப்பு இழுத்து நிறுத்தச் சொல்லி, அவர் இறங்கும்வரை பத்து நிமிடம் பொறுத்திருக்கலாம். நானோ அண்ணாந்து பார்த்து முழுத் தொண்டையில் கத்தினேன்: "பழனிச்சாமி! பொண்ணு! பழனிச்சாமி!"

அடுத்த கொப்புக்கு மாறுவதற்காக அப்போதுதான் அவர் இடுப்புக் கயிற்றை அவிழ்த்திருந்தார். திரும்பிக் கீழே பார்த்தார். அவர் பல் தெரிந்தது. அது இன்றைக்கும் எனக்குத் தெரிகிறது. பிறகு கால் தவறியது.

வெட்டிப் போட்ட தழைக் குவியலில் விழுந்ததால் உயிர் தப்பியது. வலது கால் முட்டிக்குக் கீழே நொறுங்கிவிட்டது. மூன்று மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். நான் மூன்று தடவை சாத்துக்குடி வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரி கேட் வரைக்கும் போனேன். மூன்று தடவையும் பையை வாட்ச்மேனிடம் கொடுத்து, "பழனிச்சாமின்னு கால் ஒடஞ்சவரு, அவருட்ட குடுத்துருங்க," என்றேன். "யாரு குடுத்தாங்கன்னு சொல்லோணும்?" என்று அவர் கேட்பதற்குள் பஸ் ஸ்டாப்பில் இருப்பேன். பாதியில் நிற்கிற மரத்தை முடிக்க வேண்டும் என்று எனக்கு நானே சாக்கு சொல்லிக்கொண்டேன். மரத்தை முடித்தேன். அவர் நின்ற கொப்பை அறுத்ததும் நான்தான். அதன் பிறகு அந்த ஊரில் நான் எந்த மரத்திலும் ஏறவில்லை. இரண்டு வருடத்தில் விமானம் ஏறிவிட்டேன்.

4

கீத் காதுக் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். காது சிவந்தது. "பொய் சொன்னாய். அதைக்கூட மன்னிக்கலாம். மேலே இருக்கிறவன் பதில் சொல்லாவிட்டால் கீழே ஒருவன் சாவான். ஆறு வாரம் நீ மரம் ஏறக் கூடாது. அப்புறம் ஒரு நாள் ஏற்றிவிட்டுப் பத்துத் தடவை கூப்பிடுவேன். பத்துத் தடவையும் பதில் வேண்டும். ஒன்று தவறினாலும் காலம் முழுக்கக் கீழேதான்."

கீழே என்றால் வெட்டிய கிளைகளை இழுத்துக்கொண்டுபோய் அரவை மிஷினில் போடுவது. கேவலமான வேலை ஒன்றுமில்லை. ஆனால் உலகத்தில் எனக்கு ஒழுங்காக வருகிற ஒரே காரியம் தரையிலிருந்து அறுபது அடி மேலேதான் இருக்கிறது. தரையில் நான் உதவாக்கரை. முதல் வாரத்திலேயே மூன்று தேநீர்க் கோப்பைகளை உடைத்தேன். வீட்டில் ராத்திரி மாடிப்படியில் ஏறி இறங்கினேன்.

வீட்டில் விஷயத்தைச் சொல்ல வேண்டியதாயிற்று, காதுப் பகுதியை மட்டும்.

"நான் கூப்பிட்டாலும்தான் ஒங்களுக்குக் கேக்காது," என்றாள் ஸ்டெல்லா. "அதுக்கு எந்த மரம் காரணம்?"

மகள் ஜெனிக்குத் தமிழ் புரியும். பேசுவது என்றால் இரண்டு வார்த்தை தமிழ், எட்டு வார்த்தை இங்கிலீஷ். அவள் என் முகத்தையே பார்த்துவிட்டு, "அப்பா, யூ ஆர் நாட் டெஃப். சும்மா ரூட்," என்றாள். காது கேட்காதவன் இல்லை, மரியாதை தெரியாதவன். காது டாக்டரம்மாவைவிடத் தெளிவான ரிப்போர்ட்.

அவளுடைய எட்டாவது பிறந்தநாள் நெருங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு வருடமும் அவள் மெழுகுவத்தியை ஊதும்போது நான் சமையலறையில் கத்தி தேடுவேன். இந்த வருடம் பிறந்தநாளைத் திருப்பூரில் கொண்டாடலாம் என்றேன். "திடீர்னு என்னத்துக்கு?" என்று ஸ்டெல்லா கேட்டாள். மச்சானைப் பார்த்து நாளாச்சு என்றேன். என் மச்சானை எனக்குப் பிடிக்காது என்பது அவளுக்குத் தெரியும்.

5

ஊரில் இறங்கியதும் ரோட்டில் நிழலே இல்லையே என்று திட்டிக்கொண்டு நடந்தேன். பெருமாநல்லூர் தாண்டியபோதுதான் உறைத்தது, அந்த நிழலில் பாதியை இறக்கியவனே நான்தான்.

பழனிச்சாமிக்கு அதே கம்பெனியில் கேட் வேலை கொடுத்திருக்கிறார்கள் என்று மச்சான் சொன்னார். புளியமரம் இருந்த இடத்தில் இப்போது மாடியோடு கட்டிங் செக்‌ஷன். பிறந்தநாள் அன்று மத்தியானம் ஜெனியைக் கூட்டிக்கொண்டு, ஒரு மிட்டாய் டப்பாவோடு போனேன். கேட்டைத் தாண்டிப் போனேன். திரும்பி வந்தேன். மறுபடி தாண்டினேன்.

"அப்பா, இந்த கேட்டை ஆல்ரெடி ரெண்டு தடவ பாத்துட்டோம்," என்றாள் ஜெனி. என் கையை விட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

கேபினில் உட்கார்ந்திருந்தவர் எழுந்தார். வலது கால் ஒரு வட்டம் போட்டு முன்னால் வந்தது. "ஏனுங்க, யாரப் பாக்கோணும்?" என்றவர் என்னை உற்றுப் பார்த்தார். "அட, சவரிமுத்துங்களா! வாங்க, வாங்க. உக்காருங்க. எப்ப வந்தீங்க?"

'ஏப்பா சவரி' என்று கூப்பிட்ட மனிதர். அந்த 'ங்க' ஒவ்வொன்றும் என்னை ஒரு அடி தள்ளி நிற்க வைத்தது.

"இது பாப்பாங்களா? பேரென்ன கண்ணு?"

"ஜெனி. டுடே என் பர்த்டே."

"அது எனக்கு நல்லாத் தெரியுங் கண்ணு. நீ பொறந்த அன்னிக்கு முதல்ல சேதி வந்ததே எனக்குத்தான்," என்று சிரித்தார். நான் குனிந்து மிட்டாய் டப்பாவைப் பிரித்தேன்.

அவருடைய வேலை என்ன தெரியுமா? கம்பெனிக்குப் போன் வந்தாலோ ஆள் தேடி வந்தாலோ மைக்கில் பேர் சொல்லிக் கூப்பிடுவது. நாள் முழுக்கப் பேர்தான். "டெய்லர் செல்வி, கேட்டுக்கு வரவும். டெய்லர் செல்வி." ஜெனிக்கு அது பிடித்துப்போனது. அவளிடம் மைக்கைக் கொடுத்தார். "செக்கிங் பாபு, கேட்டுக்கு வரவும்," என்று லண்டன் ராகத்தில் அவள் கூப்பிட்டதும் ஷெட் முழுக்கச் சிரிப்புச் சத்தம். பாபு என்ற பீகார்காரர் ஓடி வந்து, இந்தச் சின்னப் பெண்ணைப் பார்த்து சலாம் வைத்தார்.

அந்தச் சத்தத்தில் நான் கேட்டுவிட்டேன். "பழனி, அன்னைக்கு நான் கத்துனதாலதான விழுந்தீரு?"

அவர் டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார். "எனக்கு எதுவுமே கேக்கலீங்க. கொப்பு சொத்தைங்க. முறிஞ்சுது, விழுந்தேன். அதப் போயி மனசுல வெச்சுட்டா சுத்தறீங்க? டீ ஆறுது, குடிங்க."

பாதி டீ குடிப்பதற்குள் எனக்கு உடம்பே லேசாகிப்போனது. கீத்தின் கதையைச் சொன்னேன், காதுக் கதையைச் சொன்னேன். கண்ணில் தண்ணி வரச் சிரித்தார். "கூப்புட்டாப் பதில் சொல்லிப்போடுங்க. குனிஞ்சு பாக்கோணும்னு யாரு சொன்னாங்க? வாயில பேசறதுக்குக் கழுத்து எதுக்குங்க?"

எட்டு வருடமாக எனக்குத் தோன்றாத யோசனை. வாயும் கழுத்தும் வேறு வேறு என்று. அவருடைய போன் நம்பரை வாங்கிக்கொண்டு கிளம்பினேன். மீதி டீயைக் குடித்தேனா என்று நினைவில்லை. ரோட்டுக்கு வந்ததும் உறுத்த ஆரம்பித்தது. கொப்பு முறியவில்லை. அவர் விழுந்த பிறகும் அது மரத்தில்தான் இருந்தது. அதை அறுத்தவன் நான். உள்ளே சொத்தை ஒரு துளிகூட இல்லை. வைரம் பாய்ந்து, வாள் இறங்க மறுத்த கட்டை. அது அவருக்கும் தெரியும்.

6

ஆறு வாரம் முடிந்த திங்கள்கிழமை கீத் என்னை ஒரு பெரிய மரத்தில் ஏற்றிவிட்டார். கீழே கையில் படிவம், அதில் பத்துக் கட்டம். நான் ஏறுமுன் தரையில் எதையோ வைக்கப்போகிறவன் போலக் குனிந்தேன். பழைய பழக்கம். பூட்ஸைக் கழற்ற முடியாதே என்று நிமிர்ந்துகொண்டேன்.

"முட்டு!"

கழுத்து இறுகியது. இரண்டு கையும் மரத்துக்குப் போயின. போகட்டும் என்று விட்டுவிட்டேன். கண்ணுக்கு நேரே இருந்த பட்டையைப் பார்த்து, "யெஸ், கீத்," என்றேன். மரத்துக்குத்தான் சொன்னேன். அவருக்குக் கேட்டுவிட்டது.

நாலாவது தடவை கை தானாகத் தளர்ந்தது. ஏழாவது தடவை அறுத்த கிளையைப் பிடித்தபடியே பதில் சொன்னேன். எட்டாவதில் பதற்றத்தில் "என்னங்க!" என்று வாய் தவறிவிட்டது. கீத் கொஞ்சம் யோசித்துவிட்டு அந்தக் கட்டத்திலும் டிக் போட்டார். பத்தும் முடிந்து இறங்கியதும் கை கொடுத்தார். படிவத்தில் என் அப்பா பேரை எழுதிக் கையெழுத்துப் போட்டார். நாளையிலிருந்து அப்பா மறுபடி மரம் ஏறலாம்.

சாப்பாட்டு நேரத்தில் வேனுக்குள் உட்கார்ந்தேன். சந்தோஷப்பட வேண்டும். ரொட்டியை மூடி வைத்தேன். வெளியே வந்து வேனைச் சுற்றி நடந்தேன். மறுபடி உட்கார்ந்தேன். செல்போனை எடுத்துத் திருப்பூருக்குப் போட்டேன். அங்கே சாயங்கால டீ நேரம்.

"கம்பெனி கேட்டுங்க. சொல்லுங்க."

"பழனி, சவரி பேசுதேன். பாஸாயிட்டேன். நீரு சொன்ன மாதிரியே குனியாமப் பதில் சொன்னேன்."

"ரொம்ப சந்தோசமுங்க. பாப்பா நல்லா இருக்குதுங்களா? பாபு தெனமும் கேக்கறானுங்க."

"நல்லாருக்கா." அதோடு வைத்திருக்கலாம். சும்மா இருக்கத்தான் எனக்கு வராதே. "பழனி, அந்தக் கொப்பு சொத்தை இல்ல. நாந்தான அறுத்தேன்."

மறுமுனையில் யாரோ கேட்டில் எதையோ கேட்க, அவர் "ஒரு நிமிசம் இருங்க," என்றார். பிறகு குரல் பக்கத்தில் வந்தது.

"கேட்டுச்சு. பொண்ணுன்னு நல்லாவே கேட்டுச்சு. சந்தோசத்துல திரும்புனேன், விழுந்தேன். அதுல ஒண்ணுமில்ல, புள்ள பொறந்தா எவனும் கத்தத்தான் செய்வான்." போனைக் கை மாற்றிப் பிடிக்கிற சத்தம் கேட்டது. "மூணு தடவ சாத்துக்குடி வந்துச்சு, சவரி. நீதான் வரல."